ரிப்போர்ட்டில் ‘ரியாக்டிவ்’ என்று வந்தால்: ஹெபடைடிஸ் சி பற்றி

கண்புரை ஆபரேஷனுக்குத்தான் சித்தப்பாவை அழைத்துப் போனோம். ஆபரேஷனுக்கு முன்னால் எல்லோருக்கும் எடுக்கிற இரத்தப் பரிசோதனைதான், சர்க்கரை, எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி. சாயங்காலம் ரிப்போர்ட் வந்தபோது கடைசி வரியில் ‘ஆன்டி எச்சிவி: ரியாக்டிவ்’ என்று தடித்த எழுத்தில் அடித்திருந்தது. எச்சிவி என்றால் ஹெபடைடிஸ் சி வைரஸ். கவுன்டரில் இருந்த பெண் அதைப் பார்த்ததும் ஃபைலை எங்கள் கையிலேயே திருப்பிக் கொடுத்து, “இதைச் சரி பண்ணிட்டு வாங்க, அப்புறம் ஆபரேஷன் பார்க்கலாம்” என்றார். எதைச் சரி பண்ணுவது, எந்த டாக்டரிடம் போவது என்று ஒரு வார்த்தை இல்லை. நாங்கள் வீடு வந்து சேர்வதற்குள் விஷயம் போனிலேயே வந்து சேர்ந்துவிட்டது. அத்தை சொல்லி சித்தி தனித் தட்டு, தனி டம்ளர் எடுத்து வைத்துவிட்டார். பேத்தி ஓடி வந்தபோது சித்தப்பா அவளைத் தூக்காமல் போய்த் திண்ணையில் உட்கார்ந்துகொண்டார்.

அந்தத் தட்டும் டம்ளரும் தேவையே இல்லை. ஹெபடைடிஸ் சி எச்சிலில் பரவாது, சாப்பாட்டில் பரவாது, தண்ணீரில், தும்மலில், கட்டிப்பிடிப்பதில், ஒரே கழிவறையைப் பயன்படுத்துவதில், கொசுக்கடியில் எதிலும் பரவாது. அது இரத்தத்தோடு இரத்தம் சேர்ந்தால் மட்டுமே பரவுகிற கிருமி. இந்த ஒரு வரி அன்றைக்குத் தெரிந்திருந்தால் அந்த வீட்டில் ஒரு வாரம் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பார்கள். தெரியவில்லை. எனக்கும்தான்.

சரி, முதலில் இருந்து வருவோம். ஹெபடைடிஸ் என்றால் கல்லீரல் அழற்சி, அவ்வளவுதான். குடி, சில மருந்துகள், கொழுப்பு என்று எதனாலும் வரலாம். வைரஸால் வருவதை ஏ, பி, சி, டி, இ என்று எழுத்து போட்டுப் பிரித்திருக்கிறார்கள். நம் ஊரில் இவை எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் ‘காமாலை’, குழப்பம் தொடங்குவதே அங்கேதான். அசுத்தமான தண்ணீரிலும் சாப்பாட்டிலும் வருகிறது ஏ-யும் இ-யும். கண் மஞ்சளாகும், சோறு இறங்காது, சில வாரங்களில் பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். அந்தச் சில வாரங்களில் கீழாநெல்லி அரைத்துக் குடித்தவருக்குக் கீழாநெல்லியால் சரியானது, மந்திரித்துக்கொண்டவருக்கு மந்திரத்தால் சரியானது! சி அந்த ரகம் இல்லை. அது இரத்தத்தில் வந்து கல்லீரலில் உட்கார்ந்துவிட்டால் தானாகப் போகிற வாய்ப்பு குறைவு, பெரும்பாலும் கண்ணையும் மஞ்சளாக்காது. ‘எனக்குக் காமாலையே வந்ததில்லையே’ என்று சித்தப்பா திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் சொன்னது உண்மை. இந்த நோயின் குணமே அதுதான்.

இந்தக் கிருமியைக் கண்டுபிடிக்க மருத்துவ உலகமே கொஞ்சம் திணறியிருக்கிறது. 1970-களில் அமெரிக்காவில் ஹார்வி ஆல்ட்டர் என்பவர், இரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கு ஏ-யும் இல்லாத பி-யும் இல்லாத ஒரு ஹெபடைடிஸ் வருவதைக் கவனித்தார். பெயர் வைக்கக்கூடத் தெரியாமல் ‘ஏ-யும் அல்ல, பி-யும் அல்ல’ என்றே பல வருடம் அழைத்தார்கள். 1989-ல்தான் மைக்கேல் ஹௌட்டனும் அவருடன் வேலை செய்தவர்களும் வைரஸின் மரபணுத் துண்டைப் பிடித்தார்கள். வேறு எதுவும் சேராமல் இந்த வைரஸே நோயை உண்டாக்கும் என்பதை 1997-ல் சார்லஸ் ரைஸ் நிரூபித்தார். மூவருக்கும் 2020-ல் நோபல் பரிசு கிடைத்தது. அடையாளம் தெரிந்த பிறகுதான் இரத்த வங்கிகளில் இதற்கான பரிசோதனையே சாத்தியமானது. இந்தியாவில் தானமாக வருகிற ஒவ்வொரு இரத்தத்தையும் இதற்காகச் சோதிப்பது 2000-களின் தொடக்கத்தில்தான் கட்டாயமானது.

சித்தப்பாவுக்கு 1991-ல் லாரி மோதித் தொடை எலும்பு முறிந்து நான்கு பாட்டில் இரத்தம் ஏற்றினார்கள். அந்த வருடத்தையும் இரத்தத்தைச் சோதிப்பது கட்டாயமான காலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, அதே ஆஸ்பத்திரியில் போட்ட ஊசியாகவும் இருக்கலாம். ஆனால் டாக்டர் முதலில் கேட்ட கேள்வியே ‘எப்போதாவது இரத்தம் ஏற்றியிருக்கிறீர்களா’ என்பதுதான்.

முப்பது வருடம் ஒருவருக்குத் தெரியாமல் ஒரு நோய் உடம்பில் இருக்குமா? இருக்கும். கிருமி நுழைந்து 2 வாரத்திலிருந்து 6 மாதத்துக்குள் சிலருக்குக் காய்ச்சல், அசதி, பசியின்மை, அபூர்வமாகக் காமாலை வரும். பத்தில் எட்டுப் பேருக்கு ஒன்றுமே தெரியாது. நூறு பேருக்குத் தொற்றினால் 15 முதல் 45 பேருக்கு, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே ஆறு மாதத்துக்குள் அதை விரட்டிவிடும், மருந்தே இல்லாமல். மீதிப் பேருக்கு அது நிரந்தரக் குடியிருப்பு. கல்லீரல் வேறு ரொம்பப் பொறுமையான உறுப்பு, உள்ளே என்ன நடந்தாலும் வலித்துக் காட்டாது. வைரஸ் செல்களைக் கெடுக்க, உடம்பு அந்த இடத்தைத் தழும்பால் மூட, மறுபடி கெட, மறுபடி தழும்பு விழ, இப்படியே வருடக்கணக்காகப் போய்க் கல்லீரல் முழுக்கத் தழும்பேறிக் கெட்டிப்பட்டுவிடுவதைத்தான் சிரோசிஸ் என்கிறார்கள். நாள்பட்ட தொற்று உள்ளவர்களில் 15 முதல் 30 சதவீதம் பேர் 20 வருடத்துக்குள் இந்தக் கட்டத்துக்கு வருகிறார்கள். மது குடிப்பவர்களுக்கு இன்னும் சீக்கிரம். அதன் பிறகு வயிற்றில் நீர் கோர்ப்பது, கால் வீங்குவது, இரத்த வாந்தி, நினைவு தடுமாறுவது, சிலருக்குக் கல்லீரல் புற்றுநோய். ஆள் ஆஸ்பத்திரிக்கு வருவதே பல நேரம் இந்தக் கட்டத்தில்தான். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2022-ல் சுமார் 5 கோடிப் பேருக்கு இந்தத் தொற்று இருந்தது, அந்த ஒரு வருடத்தில் 2,42,000 பேர் இறந்திருக்கிறார்கள்.

இப்போது அந்த ‘ரியாக்டிவ்’ வரிக்கு வருகிறேன். பாதிப் பேர் தடுக்கி விழுகிற இடம் இது, கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

அந்தப் பரிசோதனை வைரஸைத் தேடுவதே இல்லை. வைரஸுக்கு எதிராக நம் உடம்பு உண்டாக்குகிற ஆன்டிபாடியைத் தேடுகிறது. திருடன் வந்து போன வீட்டில் நாய் குரைத்துக்கொண்டே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குரைப்பைக் கேட்டுத் திருடன் வந்திருக்கிறான் என்று சொல்லலாம், இன்னும் உள்ளேதான் இருக்கிறானா என்று சொல்ல முடியாது. அதற்கு வீட்டுக்குள் போய்ப் பார்க்க வேண்டும். உள்ளே போய்ப் பார்க்கிற பரிசோதனைக்குப் பெயர் எச்சிவி ஆர்என்ஏ, ‘வைரல் லோடு’ என்றும் சொல்வார்கள். அதில் வைரஸ் இருந்தால்தான் நோய், அதற்குத்தான் சிகிச்சை. இல்லையென்றால் ஒன்று, தொற்று எப்போதோ வந்து தானாகவே போயிருக்கிறது, இல்லையென்றால் முதல் பரிசோதனையே தவறாகக் காட்டியிருக்கிறது. மிகச் சமீபத்தில் தொற்றியிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் மட்டும் கொஞ்சம் கழித்து மறுபடி எடுத்துப் பார்க்கச் சொல்வார்கள். இந்த இரண்டாவது பரிசோதனையை எடுக்காமலே ‘எனக்கு ஹெபடைடிஸ் சி’ என்று வருடக்கணக்காகப் பயந்துகொண்டிருப்பவர்கள் ஒரு பக்கம். பயத்தில் ரிப்போர்ட்டை பீரோவில் துணிக்கு அடியில் வைத்துவிட்டு எந்த டாக்டரையும் பார்க்காமல் இருப்பவர்கள் இன்னொரு பக்கம். இரண்டாவது ரகம்தான் ஆபத்து.

இன்னொன்று. குரைக்கிற நாய் இங்கே வாயை மூடவே மூடாது. நோய் முழுக்கக் குணமான பிறகும் ஆன்டிபாடி பெரும்பாலும் ஆயுசுக்கும் இரத்தத்தில் இருக்கும், அந்தப் பரிசோதனை எப்போது எடுத்தாலும் ‘ரியாக்டிவ்’ என்றுதான் வரும். குணமானதா என்று பார்க்க ஆன்டிபாடி பரிசோதனையை மறுபடி எடுத்து, பாசிட்டிவ் என்று வந்ததும் மருந்து வேலை செய்யவில்லை என்று அழுதவர்கள் உண்டு. அது வீண் செலவு, வீண் அழுகை.

சித்தப்பாவுக்கு ஆர்என்ஏ எடுத்தோம். வைரஸ் இருந்தது, ஒரு மில்லி இரத்தத்தில் பதினெட்டு லட்சம் என்று எண் வந்தது. அந்த எண்ணைப் பார்த்ததும் எல்லோருக்கும் கை நடுங்கியது. டாக்டர் ரொம்ப சாதாரணமாக, “லட்சத்தைப் பார்க்காதீங்க, கல்லீரல் எப்படி இருக்குன்னு பார்ப்போம்” என்றார். வைரஸ் எண்ணிக்கைக்கும் கல்லீரல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதற்கும் சம்பந்தம் இல்லையாம். கல்லீரலைப் பார்க்க ஸ்கேன், இரத்தத்தில் பிளேட்லெட் எண்ணிக்கை, ஆல்புமின் என்ற புரதத்தின் அளவு, ஃபைப்ரோஸ்கேன். ஃபைப்ரோஸ்கேன் என்பது விலா எலும்புக்கு நடுவில் ஒரு கருவியை வைத்து லேசாகத் தட்டி, கல்லீரல் எவ்வளவு கெட்டியாகி இருக்கிறது என்று அளப்பது. தர்பூசணியைத் தட்டிப் பார்த்து வாங்குகிற மாதிரிதான், ஊசி கிடையாது, வலி கிடையாது. கூடவே ஹெபடைடிஸ் பி இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். இரண்டும் சேர்ந்திருக்கும் ஒருவருக்கு சி-யை மட்டும் விரட்டினால், அதுவரை அடங்கிக் கிடந்த பி தலைதூக்கக்கூடும்.

அப்புறம் சிகிச்சை. இங்கேதான் நல்ல செய்தி இருக்கிறது, இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் எழுதினேன் என்றும் வைத்துக்கொள்ளலாம். ஹெபடைடிஸ் சி-யைக் குணப்படுத்திவிடலாம். ‘கட்டுக்குள் வைத்திருக்கலாம்’ என்று மழுப்பவில்லை, நூற்றுக்கு 95-க்கும் மேற்பட்டவர்களுக்கு வைரஸ் உடம்பைவிட்டு முழுதாகப் போய்விடுகிறது, பெரும்பாலானவர்களுக்கு 12 வாரம் மாத்திரை போட்டால் போதும். பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன்னால் இன்டர்ஃபெரான் என்ற ஊசிதான் இருந்தது. கூடவே ரிபாவிரின் மாத்திரையும் சேர்த்து ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடம். காய்ச்சல், உடம்புவலி, முடி கொட்டுவது, மனச்சோர்வு என்று பட்டும் பல பேருக்கு நோய் போகாது. 2013 டிசம்பரில் அமெரிக்காவில் சோஃபோஸ்புவிர் என்ற மாத்திரைக்கு அனுமதி கிடைத்ததும் கதையே மாறிவிட்டது.

அந்த மாத்திரை செய்கிற வேலை எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். வைரஸ் தன்னைப் பிரதியெடுக்கும்போது, பூ கட்டுகிறவர் ஒவ்வொரு பூவாக எடுத்து முடிச்சுப் போடுகிற மாதிரி, எழுத்து எழுத்தாகச் சரம் கோக்கிறது. சோஃபோஸ்புவிர் பார்ப்பதற்கு அசல் பூ போலவே இருக்கும் ஒரு போலிப் பூ. அதையும் எடுத்துக் கட்டிவிட்டால் அதற்கு அடுத்த முடிச்சு விழாது, சரம் பாதியில் நின்றுவிடும். டக்ளாடாஸ்விர், வெல்பாடாஸ்விர் போன்ற கூட்டு மருந்துகள் வைரஸுக்குத் தேவையான இன்னொரு புரதத்தைப் பிடித்து முடக்குகின்றன. புதுப் பிரதி எடுக்க முடியாமல், இருப்பதும் அழிய, சில வாரங்களில் துடைத்தெறிந்தது போல ஆகிவிடும். எச்ஐவி-யையோ ஹெபடைடிஸ் பி-யையோ இப்படித் துடைக்க முடியாததற்குக் காரணம், அவை நம் செல்லின் கருவுக்குள்ளேயே போய் ஒளிந்துகொள்ளும். சி-க்கு அந்தப் பதுங்குமிடம் கிடையாது, அது செல்லின் முற்றத்திலேயே குடியிருக்கிறது, அதனால் சிக்கிக்கொள்கிறது.

விலையைக் கேட்டால்தான் தலை சுற்றும். அமெரிக்காவில் இது வந்தபோது ஒரு மாத்திரை 1,000 டாலர், 84 நாளுக்கு 84,000 டாலர். அந்த விலை பெரிய சண்டையானது, ஆக வேண்டியதுதான். 2014-ல் அந்த மாத்திரையைத் தயாரித்த கம்பெனி இந்தியாவில் சில மருந்து நிறுவனங்களுக்குக் குறைந்த விலையில் செய்து விற்க உரிமம் கொடுத்தது, அதற்குப் பிறகு இங்கே விலை அடியோடு இறங்கியது. இந்தத் தொற்று அதிகமாக இருக்கும் பஞ்சாப் 2016-லேயே மாநில அளவில் இலவச சிகிச்சையைத் தொடங்கிவிட்டது. 2018 ஜூலை 28-ல், அதாவது உலக ஹெபடைடிஸ் தினத்தில், தேசிய அளவிலான திட்டம் வந்தது. அதில் பரிசோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். எங்களுக்கு இது தெரியாமல் தனியார் லேபில் ஆர்என்ஏ-வுக்குக் கட்டிய பணம் கட்டியதுதான். உங்களுக்குத் தேவைப்பட்டால் முதலில் பக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய், குடல் மற்றும் கல்லீரல் பிரிவு எங்கே என்று கேளுங்கள்.

சித்தப்பாவுக்கு சிரோசிஸ் வரை போகவில்லை, அதனால் சோஃபோஸ்புவிரும் டக்ளாடாஸ்விரும், தினமும் ஒரு தடவை, 12 வாரம். மாதத்துக்கு 28 மாத்திரை என்று மூன்று தடவை வாங்கினோம். தினசரி காலண்டரில் தாளைக் கிழிப்பதற்கு முன் மாத்திரை போட்டுவிட்டு ஒரு டிக் அடிப்பார், டிக் இல்லாத தாளைக் கிழிக்கவே மாட்டார். முதல் இரண்டு வாரம் லேசாகத் தலைவலி, கொஞ்சம் அசதி. அவ்வளவுதான், வயலுக்குக்கூடப் போய் வந்தார். சிரோசிஸ் ஆகிவிட்டவர்களுக்கு வேறு கூட்டு, சிலருக்கு ரிபாவிரின் சேர்த்து, சிலருக்கு 24 வாரம், அதை டாக்டர் முடிவு செய்வார். நீங்கள் செய்ய வேண்டியது ஏற்கெனவே போடுகிற மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு போய்க் காட்டுவது. இதயத் துடிப்புக்குத் தருகிற அமியோடரோன், வலிப்புக்கான சில மாத்திரைகள், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் இவையெல்லாம் இந்த மருந்துகளோடு ஒத்துப்போகாது. வயிற்றெரிச்சலுக்குக் கடையில் வாங்கிப் போடுகிற மாத்திரைகூட வெல்பாடாஸ்விரை உடம்பில் சேரவிடாமல் செய்யும். கர்ப்பமாக இருக்கும்போது பொதுவாக இந்தச் சிகிச்சையைத் தொடங்க மாட்டார்கள். நாட்டு மருந்தையும் சேர்த்து எடுத்தால் சீக்கிரம் போகும் என்று யாராவது சொன்னால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள், கல்லீரல் ஏற்கெனவே அடி வாங்கியிருக்கிறது.

மாத்திரை முடிந்து 12 வாரம் கழித்து மறுபடி ஆர்என்ஏ எடுக்க வேண்டும். அதில் வைரஸ் இல்லையென்றால் குணமாகிவிட்டது என்று அர்த்தம். மாத்திரை தீர்ந்த அன்றே கொண்டாடிவிட்டு இந்தப் பரிசோதனைக்கு வராமல் போகிறவர்கள் நிறைய என்று அங்கிருந்த நர்ஸ் அலுத்துக்கொண்டார். சிரோசிஸ் வந்துவிட்டவர்கள் வைரஸ் போன பிறகும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஸ்கேன் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், தழும்பேறிய கல்லீரலில் புற்றுநோய் வரும் ஆபத்து குறையுமே தவிர முழுக்கப் போவதில்லை.

தடுப்பது எப்படி என்று கேட்டால், தடுப்பூசி இல்லை. ஏ-க்கும் பி-க்கும் உண்டு, சி-க்கு இன்னும் இல்லை, அது சட்டை மாற்றுகிற மாதிரி தன் மேலுறையை மாற்றிக்கொண்டே இருக்கிறது. ஒரு தடவை குணமானவருக்கு மறுபடி வராது என்கிற உத்தரவாதமும் இல்லை. ஆகவே ஊசி விஷயத்தில் கவனம் என்பதைத் தவிர வேறு வழி கிடையாது. ஊசியின் ஆபத்தைப் புரிந்துகொள்ள எகிப்தைப் பார்த்தால் போதும். நைல் நதி வாய்க்கால்களில் இறங்கி வேலை செய்கிற விவசாயிகளுக்கு நத்தை வழியாக ஒரு புழு நோய் வரும். அதை ஒழிக்க 1950-களிலிருந்து 1980-கள் வரை அரசே ஊர் ஊராகப் போய் ஒவ்வொருவருக்கும் பல தடவை ஊசி போட்டது. கண்ணாடி சிரிஞ்ச், சரியாகக் கொதிக்க வைக்காமல் அடுத்தடுத்த ஆளுக்கு. அப்போது சி என்ற வைரஸ் இருப்பதே யாருக்கும் தெரியாது. நல்ல எண்ணத்தில் போட்ட ஊசி, உலகத்திலேயே அதிக ஹெபடைடிஸ் சி உள்ள நாடாக எகிப்தை ஆக்கிவிட்டது. அதே நாடு 2018 அக்டோபரில் தொடங்கி ஏழு மாதத்தில் சுமார் 5 கோடிப் பேரைச் சோதித்து, பாசிட்டிவ் வந்த 22 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை அடுத்த பரிசோதனைக்கும் இலவச சிகிச்சைக்கும் அனுப்பியது. 2023-ல் இந்த நோயை ஒழிக்கும் பாதையில் முன்னணியில் இருக்கும் முதல் நாடு என்று உலகச் சுகாதார நிறுவனம் அதற்குத் தங்கத் தகுதி கொடுத்தது.

நம் பக்கம் காய்ச்சல் என்று போனால் ‘ஒரு ஊசி போட்டு விடுங்க டாக்டர்’ என்று நாமே கேட்டு வாங்குகிறோம். மாத்திரையில் தீர்வதற்கு ஊசி வேண்டாம், வேண்டியே இருந்தால் சிரிஞ்ச் உறையை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். சலூனில் சவரத்துக்குப் புது பிளேடு, திருவிழாக் கடையில் பச்சை குத்திக்கொள்வதானால் புது ஊசியும் புது மையும், இல்லையென்றால் வேண்டாம். காய்ந்த இரத்தத்திலும் இந்த வைரஸ் பல நாள் உயிரோடிருக்கும், கண்ணுக்குத் தெரிகிற கறையே தேவையில்லை. வீட்டில் தட்டு டம்ளரைப் பிரிக்க வேண்டாம் என்றேன், பிரிக்க வேண்டியவை ரேசர், நகவெட்டி, பல் துலக்கும் பிரஷ். போதை ஊசியைப் பகிர்ந்துகொள்வதால் பரவுவது உலகம் முழுக்கப் பெரிய காரணம், மணிப்பூர், மிசோரம் பக்கம் ரொம்ப அதிகம். போதை ஊசி போடுகிறவர்களைத் திட்டுவதைவிடப் புது ஊசி கொடுக்கிற திட்டங்கள்தான் வேலை செய்கின்றன. தாம்பத்திய உறவில் பரவும் வாய்ப்பு குறைவு, இரத்தம் படுகிற சூழலில் கூடும். தாயிடமிருந்து பிரசவத்தில் குழந்தைக்குப் போவது நூறில் ஐந்தாறு பேருக்கு. தாய்ப்பாலில் போகாது, காம்பு வெடித்து இரத்தம் வந்தால் மட்டும் ஆறும்வரை நிறுத்தி வைக்கச் சொல்வார்கள்.

யார் சோதித்துக்கொள்ள வேண்டும்? 2000-களின் தொடக்கத்துக்கு முன்னால் இரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள், டயாலிசிஸில் இருப்பவர்கள், தலசீமியா, ஹீமோஃபிலியா போன்ற இரத்த நோய்கள் உள்ளவர்கள், எச்ஐவி உள்ளவர்கள், எப்போதாவது ஒரு தடவை என்றாலும் போதை ஊசி போட்டவர்கள், ஊசி குத்திக்கொண்ட செவிலியர்களும் துப்புரவுப் பணியாளர்களும், தொற்று உள்ள தாய்க்குப் பிறந்த பிள்ளைகள். காரணமே தெரியாமல் எஸ்ஜிபிடி, அதாவது கல்லீரல் பாதிப்பைக் காட்டுகிற இரத்த அளவு, ஏறியே இருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தவர்களும்.

சித்தப்பாவின் கடைசி ஆர்என்ஏ ரிப்போர்ட் ‘நாட் டிடெக்டட்’ என்று வந்தது. கண் ஆபரேஷனும் முடிந்தது, வேறு ஆஸ்பத்திரியில். போன வருடம் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் என்று போனபோது மறுபடி அதே முன்பரிசோதனை, மறுபடி அதே ‘ரியாக்டிவ்’. லேபில் இருந்த பையன் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தான். சித்தப்பா ஒன்றும் பேசவில்லை. மஞ்சப்பையிலிருந்து லேமினேட் செய்த அந்த ஆர்என்ஏ ரிப்போர்ட்டை எடுத்து மேஜை மேல் வைத்துவிட்டு, “தம்பி, தேதியையும் சேர்த்துப் படி” என்றார்.